சிறி வாசித்த டிராகன் கதை

சிறிக்கு நாற்பத்தாறு வயது. புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கிளேட்டன் என்ற இடத்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபங்களைத் துப்புரவு செய்யும் வேலை. ரோவில் என்ற புறநகரில் ஒரு வீட்டின் பின்னறையில் தனியாக இருந்தான். அவன் மனைவி தர்சினி, 2009இல் ஊரில் நடந்த போரின் கடைசிச் சண்டையில், சனத்தோடு சனமாக நடந்து வரும்போது காணாமல் போனவள். மரணச் சான்றிதழ் எடு என்று பலர் சொல்லியும் அவன் எடுக்கவில்லை.

மண்டபத்தில் யாரோ விட்டுப்போன தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, கேட்பாரில்லாமல் கடைசியில் அவனிடம் வந்து சேர்ந்தது. அட்டையில் நெருப்புக் கக்கும் டிராகன். கைபேசி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தான். அது ஒரு தொடரின் முதல் பாகம்; முடிய ஏழு மாதம் பிடித்தது. மற்றப் பாகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கினான். ஏழாவதை மூன்று வாரத்தில் முடித்துவிட்டான்.

போரில் தொலைந்த கணவனைத் தேடி டிராகன்மீது ஏறிப்போகும் நெசவுக்காரி ஒருத்தியின் கதை அது. மலைகளுக்கு அப்பால் ஒரு குகை. அதற்குள் நின்று தொலைந்தவரின் பெயரைக் கூப்பிட வேண்டும். இறந்துபோயிருந்தால் எதிரொலி வரும், உயிரோடிருந்தால் வராது. ஏழாம் பாகம் குகை வாசலோடு நின்றுவிட்டது. எட்டாவதற்கு நூலகத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தான்.

சிறியின் அக்கா யாமினியின் கணவர் சச்சிதானந்தன், தன் வீட்டில் மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடத்துவார். "இந்த முறை நீர் கதையும், சிறி. உமக்குப் பிடிச்ச புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்," என்றார்.

சிறி குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போனான். டிராகன் வந்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். கல்யாணசுந்தரம் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்பாகத்தான் குறுக்கிட்டார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இது சின்னப்பிள்ளையள் வாசிக்கிறது. நீங்கள் அந்தச் சண்டைக்குள்ளால வந்த ஆள். உங்களிட்டை எவ்வளவு உண்மைக் கதை கிடக்கு. அதை விட்டிட்டு டிராகனில ஏறி ஓடுறியளே."

எல்லோரும் சிரித்தார்கள், அத்தானும். கதையில் குகை வரும் இடத்துக்குச் சிறி இன்னும் வந்திருக்கவில்லை. "ஓம் அண்ணை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு வாசிக்க முடியவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அத்தானின் சிரிப்புத்தான் கேட்டது. எட்டாம் பாகம் வந்துவிட்டதென்று நூலகம் தகவல் அனுப்பியது. அவன் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாமினி இடியப்பத்தோடு வந்தாள். ஏழு புத்தகங்களும் ஒரு பெட்டிக்குள் கிடந்தன.

"உதுகளை எங்க கொண்டுபோறாய்?"

"தானக் கடைக்கு."

"அண்டைக்கு நீ முழுக்கச் சொல்லேல்லை. எனக்குச் சொல்லு."

சொன்னான். குகையைப் பற்றிச் சொன்னபோது அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அத்தனை காலமும் அவன் அந்தக் கதையை ஏன் வாசித்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அந்த நெசவுக்காரி கூப்பிட்டவளோ?"

"எட்டாவதிலதான் தெரியும்."

"அதை எடுத்து வாசியன்."

"ஏலாதக்கா. முந்தி, எதிரொலி வராது எண்டு நம்பி வாசிச்சனான். இப்ப அது வெறும் கதை எண்டு தெரிஞ்சு போச்சு."

யாமினி அழுதாள். அவன் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். புருஷனிடம் இதைப் பற்றிக் கேட்கிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பெட்டியை, தருமத்துக்குக் கொடுத்த பழைய சாமான்களை விற்கும் தானக் கடையில் இறக்கினான். கடையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒவ்வொன்றாய் எடுத்துத் தூசி தட்டினாள்.

"நல்ல கதையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மிகவும் நல்ல கதை."

"பிறகேன் கொடுக்கிறாய்?"

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லிவிட்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தான்.