பொங்கி வழிந்த உலை

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. மருமகளைக் கூப்பிட்டேன், ஆளைக் காணோம். இந்த வயதிலும் அந்தப் பழைய பயம் வந்தது.

ஐம்பதுகளின் கடைசியில், தென்காசியில், எங்கள் அம்மா, இயேசு திரும்பி வந்து தம் பிள்ளைகளை வானத்துக்குக் கூட்டிப்போகும் கர்த்தரின் வருகைக்கு எப்போதும் ஆயத்தமாகவே இருந்தாள். இட்லிக்கு ஊறப்போடும்போதுகூட, "அவரு வரத் தாமதிச்சா காலைல இட்லி" என்பாள். சாயங்காலமானால் முகம் கழுவி வெளுத்த சேலை உடுத்திக்கொள்வாள். அவர் வருகிற எக்காளம் தொனிக்கும்போது அழுக்குச் சேலையோடு போகக் கூடாதாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. உலை பொங்கி விறகு புகைந்துகொண்டிருந்தது. அம்மாவைக் காணோம். பக்கத்து வீட்டில் இருந்த சபை உபதேசியாரும் அவர் மனைவியும் இல்லை. கர்த்தர் வந்துவிட்டார். குடும்ப ஜெபத்தில் தினமும் தூங்குகிற பிள்ளையை அவர் ஏன் கூட்டிப்போகப் போகிறார்? வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் மூவரும் நனைந்தபடி வந்தார்கள். எதிர்வீட்டில் அவித்துக் காயப்போட்டிருந்த நெல்லை மழைக்கு அள்ளப் போயிருந்தார்கள். அம்மாவின் வெளுத்த சேலை முழுக்கச் சேறு.

"எதுக்குட்டி அழுத?"

சொன்னேன். உபதேசியார் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"அவரு வந்தா, எம்பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், கொஞ்சம் நில்லும் ஆண்டவரேன்னு சொல்லமாட்டேனா? நாம எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருக்கோம். அவரு செத்த நேரம் காத்திருந்தா என்ன?"

மருமகள் மாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கினாள். "மழை வந்துட்டு, அத்தை."

அடுப்பை அணைத்தேன். அம்மா எனக்கு முன்பே போய்விட்டாள். அங்கே அவரிடம் சொல்லித்தான் வைத்திருப்பாள்.