கண்ணாடி ஏற்றிய கார்

என் தங்கை ஐவியைக் கட்டிய ஹோரஸ் டிரான்டர், வாயைத் திறந்தால் கார், மூடினால் தூக்கம். இங்கிலாந்தில், கவென்ட்ரியில் நாங்கள் இருவரும் ஒரே கார்த் தொழிற்சாலை. நான் இருக்கைக்கு உறை தைக்கிறவன். அவன் புதுக் கார்களைச் சாலையில் ஓட்டி, எங்கே என்ன சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவன். அந்த வேலையில் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பல வருடமாக அவன் ஓட்டியது எங்கள் தொழிற்சாலையின் பழைய இரண்டு சீட்டுக் காரை. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். ஜன்னல் என்று ஒரு தடுப்பு, அதையும் மழை வந்தால்தான் மாட்டுவது. மாட்டி முடிப்பதற்குள் மடி நனைந்துவிடும். காற்று காதைப் பிய்க்கும். பக்கத்தில் இருந்து ஐவி எதைக் கேட்டாலும், "காத்துல ஒண்ணும் கேக்கல" என்பான். வீட்டிலும் பாதி நேரம் பதில் வராது. "அந்த மனுஷனுக்கு என் பேச்சே கசந்துபோச்சுண்ணே" என்று அவள் என்னிடம் அழுதிருக்கிறாள்.

1961-இல் புது மாடல் வந்தது. அகலமான உடம்பு, வெளியே கைப்பிடி, கையால் சுற்றி ஏற்றும் நிஜக் கண்ணாடி. ஹோரஸுக்குப் பிடிக்கவே இல்லை.

"இது பாதிரியார் டீ குடிக்கப் போற வண்டி" என்று கேன்டீனில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

"ஏன், தலை கலையாம வந்தா சம்பளத்தக் குறைச்சிடுவாங்களா?" என்றேன்.

ஃபோர்மேன் பெக், சோதனைக்காகச் செய்த ஒரு வண்டியை அவனிடம் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டம்மாவையும் ஏத்திக்கிட்டுப் போ. அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது ஐவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து ஊரான வாரிக்குக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் கண்ணாடியை ஏற்றினார்கள். காற்றுச் சத்தம் அடங்கிப்போனது. ஐவி பக்கத்துக் கண்ணாடி மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்ன சத்தம்?" என்றாள். அவன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

"ஹோரஸ், உன்னத்தான் கேக்கறேன். கண்ணாடி ஆடுது."

"பரவால்லியே, ஒரு சத்தம்கூட இல்ல" என்றான் அவன், தன்பாட்டுக்கு.

பழி போட இப்போது காற்றும் இல்லை. ஐவி அவன் தோளைத் தொட்டு வண்டியை ஓரங்கட்ட வைத்தாள். முகத்துக்கு நேரே குனிந்து, "எத்தனை நாளா இப்படி?" என்று கத்திக் கேட்டாள்.

"ரெண்டு மூணு வருஷம். வெளிய தெரிஞ்சா இந்த வேலை போயிடும்."

"என் பேச்சு பிடிக்காமதான் பதில் சொல்லலன்னு நினைச்சேன். எத்தனை ராத்திரி பக்கத்துல படுத்து அழுதிருக்கேன், தெரியுமா?"

அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. "அதுவும் கேக்கலியே, ஐவி" என்றான்.

திங்கட்கிழமை அவனே பெக்கிடம் போனான். "இடப்பக்கக் கண்ணாடி ஆடுது. எனக்குக் கேக்கல, என் வீட்டுக்காரிக்குத்தான் கேட்டுச்சு" என்றான். கண்ணாடியைச் சரிசெய்தார்கள். அவனைச் சாலையிலிருந்து எடுத்து உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் ஐவி அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசுகிறாள். புரியாவிட்டால் ஹோரஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்கிறான்.