சீரகச் சம்பாவுக்கு நோய் வராது

தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கப் போன மாமா நெல்லோடு திரும்பி வந்தார். அவருடைய விபூதிப் பைக்குள் விபூதிக்குப் பதிலாக ஒரு கை அளவு விதைநெல் இருந்ததை விமான நிலையத்தில் யாரும் கவனிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயி கொடுத்ததாம். எங்களுக்கென்று வாங்கிய பிரசாதம் வழியிலேயே பூத்துப்போயிருந்தது. அதற்காக அம்மா அவரைக் கோபிக்கவில்லை. அம்மா மாமாவை எதற்காகவும் கோபித்து நான் பார்த்ததில்லை. பெற்றவர்கள் விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட, இவளே இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவர்.

அப்போது நாங்கள் ஈப்போவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் நின்றுகொண்டே டின் அடைக்கிற வேலை. அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருந்தது. நாளெல்லாம் சர்க்கரை வாசத்தில் நிற்பதால்தான் அந்த நோய் வந்தது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் பசியாறியதும் அம்மா மாத்திரை போடுவாள். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. மாத்திரை போட்ட பிறகு கொஞ்ச நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

மாமாவுக்குக் கமுந்திங்கில் இருந்த வேலை, தொழிற்சாலை மூடியதில் போய்விட்டது. வேலை போனதும் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் சிலிம் ரிவருக்குப் போய், அவரும் அம்மாவும் பிறந்த பழைய தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பள்ளத்தைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் தேங்கும் இடம் என்பதால், எண்ணெய்க்குச் செம்பனை போடுகிறவர்கள் விட்டுவைத்திருந்த நிலம் அது. பக்கத்திலேயே ஒரு மலாய்ப் பெரியவர் சின்னதாக நெல் போட்டிருந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து மாமா நாற்று விட்டார்.

“மச்சானுக்குப் பால்மரம் தெரியும், செம்பனை தெரியும். நெல்லு, தட்டுல சோறா வந்தாதான் தெரியும்” என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

முதல் தடவை விளைந்தது விதைக்குச் சரியாகப் போயிற்று. அடுத்த தடவை பள்ளம் முழுக்க நட்டார். அந்தப் பள்ளி விடுமுறையில்தான் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனாள்.

நெல் என்னை விட உயரமாக நின்றது. அப்போதுதான் பூத்திருந்தது. சோறு வேகும் வாசத்தை அடுப்பே இல்லாத இடத்தில் முகர்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் மலாய்ப் பெரியவரின் வயல் வேறு மாதிரி கிடந்தது. இலைகளில் கண் வடிவத்தில் பழுப்புப் புள்ளிகள். சில கதிர்களின் கழுத்து கறுத்து ஒடிந்து, உள்ளே மணியே இல்லாமல் வெளுத்துத் தொங்கின. பெரியவர் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் தோம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மருந்தடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“குலை நோய், அக்கா” என்றார் மாமா. தன் பயிரின் இலை ஒன்றை இழுத்து அம்மாவிடம் காட்டினார். “இங்க பாரு. பக்கத்துல நின்னு ஒரசிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு புள்ளி இருக்கா? சீரகச் சம்பாவுக்கு நோய் வராது.”

அம்மா அந்த இலையை மேலிருந்து கீழாகத் தடவினாள். பிறகு கேட்டாள்: “அப்ப, இத சாப்பிட்டா?”

மாமா வயலைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் நல்லபடியாக நின்றது அந்த ஒரு வயல்தான். கேட்டதோ அக்கா.

“சாப்பிட்டா அந்தச் சக்தி ஒடம்புக்கும் வரும்லா” என்றார். “தவிட்டுலதான் சத்து எல்லாம் இருக்கு. தீட்டி வெள்ளையாக்காம சாப்பிடணும். ஒனக்குன்னே ஒரு மூட்டை கொண்டு வாரேன், பாரு.”

அறுப்புக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. உயரமான பயிர், காற்றில் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. பாதிக்குப் பாதிதான் கைக்கு வந்தது. அதிலும் எங்களுக்கென்று ஒரு மூட்டையை மாமா தோளில் சுமந்து படியேறினார். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. உமியை மட்டும் நீக்கிய அரிசி. சீரகம் போலச் சின்னச் சின்னதாக, மங்கிய பழுப்பில் இருந்தது. முதல் உலை கொதித்தபோது பக்கத்து வீட்டுச் சீனத்தி கதவைத் திறந்து, இன்றைக்கு உங்கள் சாமி நாளா என்று மலாயில் கேட்டாள். அம்மா அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள்.

சில நாளில், காலையில் நான் நீட்டிய தண்ணீரை அம்மா வாங்கி வெறுமனே குடித்தாள். மாத்திரை எங்கே என்று கேட்டேன். “அதான் அரிசி இருக்குல்ல” என்றாள்.

உண்மையில் அவள் முகம் தெளிந்தது. வயிற்றுப் பிரட்டல் நின்றது. வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து கிடப்பதில்லை. மாத்திரையை விட்டதால் பிரட்டல் நின்றிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்று அந்தப் பெருமை அரிசிக்குப் போயிற்று. கிளினிக்கில் தாதி சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் அதுவரை ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவாள். இப்போது இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். மருந்துக்கு அளவு பார்ப்பார்களா என்று என்னிடம் கேட்டாள். அவள் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த மாதங்களில்தான். நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த அரிசியைக் குறை சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. தீட்டாத அரிசியில் நாரும் இரும்பும் வெள்ளை அரிசியை விடக் கூடுதல். பசி தாங்கும். மாத்திரையோடு அளவாகச் சாப்பிட்டிருந்தால் நல்லதாகவே இருந்திருக்கும். மாமா சொன்ன நோய் எதிர்ப்பும் பொய்யில்லை. பூஞ்சணத்தை அண்டவிடாத பயிர்தான் அது. ஆனால் அந்தக் குணம் பயிரோடு சரி. அம்மாவின் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த சர்க்கரையை அது என்ன செய்யும்? சோறு எவ்வளவு மணந்தாலும் சோறுதான். இதைப் புரியும்படி சொல்ல எங்கள் வீட்டில் அப்போது ஆளில்லை.

குளியலறையில், ஒன்றுக்குப் போகும் குழியைச் சுற்றி எறும்பு வந்தது. அரிசி வாசத்துக்கு வந்து வழி தவறிவிட்டன என்று நினைத்து, விளக்குமாற்றால் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டேன். அப்பா ஒருநாள் லோரியை விட்டு வந்து குளிக்கப் போனவர், குளிக்காமல் துண்டோடு வெளியே வந்தார். அம்மாவின் மாத்திரைகளைத் தேடினார். குளிர்பெட்டியின் மேல், கிளினிக்கில் கொடுத்த உறை பிரிக்காமலே இருந்தது.

அம்மா சோபாவில் உட்கார்ந்து கால் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைக் காலணி கடித்த சின்னக் கொப்புளம். வலிக்கவில்லை என்று அதையும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்து பார்த்தார். விரல் கறுத்திருந்தது.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டார்.

“ஆறிடும்லா.”

அன்று அப்பா மாமாவைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை நான் எழுதமாட்டேன். மூட்டையில் மீதமிருந்த அரிசியைக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு படியிறங்கினார்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். அழுகல் அதோடு நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மாமா வந்தது அதற்குப் பிறகு, ஒரு மத்தியானம், நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. கால்சட்டையில் வயல் சேறு காய்ந்திருந்தது. அப்பா அவரைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அம்மாவின் கட்டிலில், கால் இருக்க வேண்டிய இடத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

“உள்ள வா தம்பி” என்றாள் அம்மா.

மாமா வந்தார். போர்வை பள்ளமாக இருந்த இடத்தைப் பார்த்தார். “அக்கா, நான்தான்…” என்று ஆரம்பித்தார்.

“நீ என்னா பண்ண?” என்றாள் அம்மா. “நான் மாத்திரைய விட்டு வருசக்கணக்காச்சு. நீ நெல்லு போடுறதுக்கு முன்னாடியே விட்டாச்சு. வேலைக்குப் போற நேரத்துல வயித்தப் பெரட்டுதுன்னு யாருக்கும் தெரியாம தூக்கிப் போட்டுருவேன். ஒன் அரிசி வந்ததாலதான் இவ்ளோ நாளாச்சும் நின்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். அவள் நாக்கில் மாத்திரை வைத்து விழுங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

மாமா நம்பாமல் நின்றார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்து, “இவரையே கேளு” என்றாள்.

அப்பா திரும்ப நேரமானது. திரும்பியபோது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கால்சட்டைச் சேற்றைப் பார்த்தார்.

“ஆமா மச்சான்” என்றார். “ரொம்ப நாளாவே சாப்பிடறதில்ல. நானும் சொல்லி அலுத்துட்டேன்.”

மாமா கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதார். அம்மா அவர் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மாமா நெல் போடவில்லை. பள்ளத்தில் மண் கொட்டி நிரப்பிச் செம்பனை வைத்துவிட்டார்கள். அவர் ஈப்போவுக்கே வந்து ஒரு குடியிருப்பில் காவலாளியானார். அம்மா இருந்த சில வருடங்களும் லிப்ட் நிற்கும்போதெல்லாம் அவளைச் சுமந்து ஏற்றி இறக்கியவர் அவர்தான். அன்று அம்மா சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது, தினமும் மாத்திரை சாப்பிட்டாளே, உங்களுக்குமா மறந்துபோச்சு என்று கேட்டேன்.

அப்பா படியிலேயே நின்றார். “ஆமா, மறந்து போச்சு” என்றார். “நீயும் மறந்துரு.”

இருவருக்கும் ஒரே நாளில் ஞாபகம் போய்விட்டதே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா வீடு திரும்பும்வரை தினமும் காலையில் அப்பாவிடம் என் பெயர் என்ன, எந்த வகுப்பில் படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே சொன்னார்.