அப்பா சொன்ன கச்சான்

குவைத்தில் புழுதிப் புயல் அடித்த அந்த ஆடி மாதம், "இஞ்சை கச்சான்தான் அடிக்குது, வேற ஒண்டுமில்லை. நீர் பயப்பிடாதையும்" என்று அப்பா அங்கிருந்து தொலைபேசியில் சொன்னதை அம்மா நம்பினாரா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திருகோணமலையில் கச்சான் என்றால் நிலக்கடலை. அந்த மாதங்களில் மேற்கேயிருந்து வரும் வறண்ட சூட்டுக்காற்றும் கச்சான்தான். துறைமுகத்தில் வேலைசெய்த மாமா, அம்மாவின் தம்பி, சும்மா இருப்பாரா? "அக்கா, அத்தான் லொறி ஓடப் போனவரோ, கச்சான் விக்கப் போனவரோ?" அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. குவைத் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மாமா மேற்கே கைகாட்டினார். எல்லாம் விளங்கிவிட்டது: அப்பாவைத் தொட்டுவிட்டுத்தான் காற்று எங்களிடம் வருகிறது. அம்மா சாத்திய யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். சோற்றுக்குள் மண் விழுந்தது.

"என்னடி செய்யிறாய்?"

"அப்பான்ர காத்து வரட்டும் அம்மா."

வெள்ளிக்கிழமைகளில் தவறாமல் வரும் அழைப்பு அந்த வெள்ளி வரவில்லை. தொலைக்காட்சியில் குவைத்தின் வானம் செங்கல் நிறமாக இருந்தது. அம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. நான்தான் தைரியம் சொன்னேன்: "இஞ்சை குறைஞ்சால் அங்கையும் குறையும்." சொல்லிவைத்தாற்போல ஒரு பின்னேரம் காற்று ஓய்ந்தது. அடுத்த நாள் காலையில் அப்பா அழைப்பெடுத்தார். குரல் கரகரத்தது. "தடிமன்" என்றார். "கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் என் வெற்றியைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

உயர்தர வகுப்பில் புவியியல் படித்தபோதுதான் குவைத்துக் காற்றும் எங்கள் கச்சானும் ஒரே காற்றல்ல என்று தெரிந்தது. கோடையில் பாகிஸ்தான் பக்கத்து நிலம் கொதித்து அங்கே தாழமுக்கம் உண்டாகிறது. அது இரு பக்கமிருந்தும் காற்றை இழுக்கிறது. கடல் கடந்து வரும் தென்மேல் பருவக்காற்று, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் சூடாக வந்து சேர்கிறது. வடமேல் காற்றோ ஈராக்கின் காய்ந்த சமவெளி மண்ணைக் கிளப்பிக்கொண்டு குவைத்தின் மேல் இறங்குகிறது. ஆக, நான் முழுக்கப் பிழையுமில்லை.

அந்த வயதில் எனக்கு விளங்காதது வேறு. அப்பா அன்று தடிமன் என்று சொன்னது ஆசுபத்திரிக் கட்டிலிலிருந்து. புழுதி நெஞ்சில் இறங்கி, மூச்செடுக்க ஏலாமல் கிடந்திருக்கிறார்.

இப்போது என் கணவர் கத்தாரில். நேற்று அவருடைய குரலும் அடைத்திருந்தது. "ஏசிக் குளிர்" என்றார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "ஓம், ஓம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வெளிநாட்டில் ஆள் இருக்கும் அம்மாமாரே, பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது நீங்கள் துருவிக் கேட்பீர்களா, விட்டுவிடுவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.