அடுத்த சீசன் என்றேன்

மொட்டை மாடியில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஆறரை. பதினொன்று போட்டாயிற்று. பன்னிரண்டாவதைச் சுவரோரம் இழுக்கும்போது ஃபோன் வந்தது. முப்பிடாதி அக்காவின் மகள் மாரி.

"அம்மா போயிட்டா, மேடம். விடியக்காலம்."

பிறகு ஏதோ தவறு செய்துவிட்டவள் போல, "ஒங்கட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

பன்னிரண்டாவது நாற்காலியையும் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் ஒவ்வொருவராக வகுப்புக்குப் படியேறி வந்தீர்கள். அன்று உங்களிடம் என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழந்த பெண்களுக்காக இந்த உடற்பயிற்சி வகுப்பைத் தென்காசியில் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் நாள் முதலில் வந்தவர் அக்காதான். அப்போது வயது ஐம்பத்தொன்பது. நாற்பது வருடம் பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்த முதுகு. எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருந்தது. "உக்காருங்க ஆச்சி" என்றேன்.

"ஆச்சின்னா அடுத்தாப்புல கையில கம்பைக் குடுத்துருவ. அக்கான்னு கூப்புடுட்டி."

நோயை விளக்கினேன். படம் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தூரம் நின்னப்ப, விட்டுது சனியன்னு நெனச்சேன். போற போக்குல எலும்பையும்லா கொண்டு போயிட்டு."

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. பத்து முறை. அதுதான் முதல் பயிற்சி. முதல் வாரம் அவரால் ஒரு முறைகூட முடியவில்லை. இரண்டு மாதத்தில் பத்து வந்தது. பத்தோடு அவர் நிற்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தார். தொடை நடுங்கியது. நான் கத்தினேன்.

"பத்துல நிறுத்துனா கட்டு ஆவுமா? இருவத்தஞ்சு வேணும்லா. ஒண்ணு கொறஞ்சாலும் கடையில கழிச்சுப் போட்ருவான்."

பீடிக் கட்டின் கணக்கு. விரல்கள் நாற்பது வருடம் எண்ணிய எண். நான் பத்து என்று அட்டையில் எழுதிக் கொடுத்தது அந்த விரல்களுக்குத் தெரியாது. மறுநாள் உங்களில் நான்கு பேர் தொடைவலி என்று வரவில்லை. விசாரித்தால், அக்காவைப் பார்த்து நீங்களும் ஒரு கட்டு முடித்திருந்தீர்கள். கடைசியில் ஓர் உடன்பாடு: பத்து, பத்து, ஐந்து. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். அப்படி உட்காரும்போதெல்லாம் என்னை முறைப்பார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களிடம் ஒரு படிவம் தருவேன். வலி எவ்வளவு? குனிந்து பொருளை எடுக்க முடிகிறதா? விழுந்துவிடுவோம் என்ற பயம் உண்டா? வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கான கேள்விகள். அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். "இப்ப கக்கூஸுக்குப் போவ யாரையும் கூப்புட வேண்டாம். இதை எழுது மொதல்ல." எழுதினேன். எல்லாம் முடிந்தபின் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அருவியில குளிக்க முடியுதான்னு ஒரு கேள்வியும் இல்லியே."

இல்லை. படிவத்தின் அடியில் நானே பேனாவால் எழுதினேன். எதிரே விடைக்குக் கொஞ்சம் இடம் விட்டேன்.

அந்த இடம்தான் எங்களுக்குள் இருந்த வழக்கு. சாரல் சீசனில் குற்றால அருவியில் குளிக்க வேண்டும், யார் கையையும் பிடிக்காமல். அவர் கேட்டது அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் முதுகில் விழும் வேகத்தை நான் நினைத்துப் பார்ப்பேன். பாறையின் வழுக்கல். பின்னாலிருந்து தள்ளும் கூட்டம். நசுங்கிய எலும்பு. "அடுத்த சீசன், அக்கா" என்பேன்.

போன சீசனில் பார்க்கவாவது போவோம் என்று வகுப்பு முடிந்ததும் மூன்று ஆட்டோவில் குற்றாலம் போனோம். நினைவிருக்கும். பெண்கள் பக்கம், கம்பிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் நிபந்தனை. சாரல் முகத்தில் அடித்தது. அக்கா திடீரென்று கம்பியை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றார். என்னைப் பார்த்தபடி. எண்ணியபடி. காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதினாள்.

"ஆச்சி, காலைக் கீழ போடுங்க!"

"ஆச்சி இல்லட்டி, அக்கா! இரு, கட்டு முடியட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இருபத்தைந்து வரை நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "இப்ப?" என்றார்.

அடுத்த சீசன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மறுநாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ஒரு பாவாடை, துண்டு, சோப்பு டப்பா, சிறிய எண்ணெய்க் குப்பி. வகுப்பு அலமாரியில் வைத்தார். "நீ சரின்னு சொல்லுத அன்னைக்கு இங்கன இருந்தே போயிருவேன். வீட்டுக்குப் போனா மாரி விடமாட்டா."

சித்திரைக் கடைசியில் விழுந்தார். அருவியில் அல்ல. வீட்டில், பகல் பதினொரு மணிக்கு. அந்த வீட்டை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வழுக்கும் கால்மிதியடியை எடுக்கச் சொன்னவள் நான். குளியலறையில் பிடிமானக் கம்பி போடச் சொன்னவள் நான். விழுந்த இடத்தில் தண்ணீர் இல்லை, படி இல்லை, இருட்டு இல்லை. யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினார், விழுந்தார். அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தண்ணியில நின்னு விழுந்திருந்தாலாவது ஒரு கெத்தா இருந்திருக்கும்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். எழுப்பி நிற்க வைக்க முயன்றோம். நான்கு எண்ணும்வரை நின்றார். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல். மூச்சுத்திணறல். நான் படித்ததில் அதற்குமேல் எதுவும் இல்லை.

நான் தடுத்தது சரிதான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எலும்பு மருத்துவரும் சொன்னார். சரியாகத்தான் இருக்க வேண்டும். அவரை எதிலிருந்து காத்தேன் என்றுதான் தெரியவில்லை. மூன்று வருடம் அவர் யார் துணையும் இல்லாமல் எழுந்தார், நடந்தார், மாடி ஏறினார். அது பொய்யல்ல. அந்த உடம்பை வைத்து அவர் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று.

பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாரி பிரித்துப் பார்த்தாள். பாவாடையை எடுத்து மடித்தாள், மறுபடியும் உள்ளேயே வைத்தாள். "நீங்களே வச்சுக்கிடுங்க மேடம்" என்றாள்.

எனவே அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை: ஒரு மஞ்சள் பை. அடியில் என் கையெழுத்தில் ஒரு கேள்வி உள்ள படிவம், விடையின் இடம் வெறுமையாக. இருபத்தைந்து என்ற எண்.

போன வாரம் சாரல் தொடங்கியது. வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டீர்கள். உங்களில் ரஹ்மத் அக்கா மட்டும் நின்றார். அவருடைய எக்ஸ்ரேயும் எனக்குத் தெரியும். கையில் ஒரு துணிப்பை.

"நானும் ஒண்ணு இங்கன வச்சுக்கிடட்டா?"

அடுத்த சீசன் என்ற சொல் வாய்வரை வந்தது. சரி என்ற சொல்லும் வந்தது. அலமாரியைத் திறந்து, மஞ்சள் பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.