ஓரகத்தியின் சூரியகாந்தி

சொத்தை மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. என் கணவர் வைத்தார். கோயம்புத்தூரில் இருந்த கொழுந்தனார் பள்ளத்தூர் ரோட்டடிக் கொல்லையை எடுத்துக்கொண்டார். முன்பு அதைப் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைக்கு வாடகைக்கு விட்டிருந்தவர்கள் நாங்கள்தான். அவருக்குத் தெரியாது. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

கொழுந்தனாரோடு குடிவந்த ஓரகத்தி மிளகாய் போட்டாள், கருகியது. விவசாயக் கல்லூரிக்காரர்கள் மண்ணைச் சோதித்து, ஈயம் ஊறிக் கிடக்கிறது, சூரியகாந்தி போட்டால் வேர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கும் என்றார்கள். யாரோ குப்பை கொட்டியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செடி ஆளுயரம் வந்தது. குன்றக்குடிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடித்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம், கிணற்றுத் தண்ணீரும் நல்ல மண்ணும் இருந்தும், என் கத்தரி சொத்தையும் புழுவுமாக நின்றது. எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்தக் கண் என்னுடையதுதான். அவள் செடியைப் பற்றிப் பேச வந்தாலே, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன்.

பூத்து முடிந்ததும் வேரோடு பிடுங்கிச் சாக்குகளில் கட்டினாள். கல்லூரி வண்டி வந்து எடுத்துப் போகுமாம். கொல்லையில் எதை அறுத்தாலும் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஒரு கட்டுப் போடுவோம். இவள் ஒரு தழை கொடுக்கவில்லை. கொழுப்பைப் பார் என்று நானே வேலி தாண்டி ஒரு கட்டை அள்ளிவந்து பசுவுக்குப் போட்டேன். பேறுகாலத்துக்கு வந்திருந்த என் மகள் குடிப்பது அந்தப் பசுவின் பால்தான்.

ஓரகத்தி ஓடிவந்தாள். மாட்டின் வாயில் கையை விட்டுத் தழையை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, மண்ணுல இருந்த ஈயமெல்லாம் இதுலதான் ஏறியிருக்கு. எத்தனை தடவை சொல்ல வந்தேன், நீங்க காது குடுத்தீகளா? மாட்டு டாக்டரக் கூப்பிடுவோம். அவுக சரின்னு சொல்ற வரைக்கும் புள்ளத்தாச்சிக்கு இந்தப் பால் வேணாம். நான் வாங்கியாந்து தாரேன்."

மாட்டின் பல் பட்டு அவள் கையில் ரத்தம் கசிந்தது. அவளுடைய நல்ல மனதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்த ஈயம் எங்களால வந்தது. பேட்டரிக் கொட்டகைக்கு விட்டது நாங்கதான். பங்கு வைக்கறப்பவே தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். சிந்திய தழையை ஒன்று விடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் சொன்னபடி பால் வந்தது. கொழுந்தனார் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பார்க்க ஊரே வந்தது, அவள் வரவில்லை.