குலசிங்கம் அண்ணை ஒரு நொடியில் தோற்ற கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிறு நான் பருத்தித்துறைக்குப் போனது கடல் பார்க்க அல்ல. கொக்குவிலில் இருக்கும் என் தம்பி சுதன் வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தான். ஒரு சிறிய மீனவர் சங்கத்தின் தலைவர் தேர்தலில் அதற்கு முதல் சோதனை. சரிவந்தால் அயல் சங்கங்களும் வாங்கும். கவிழ்ந்தால் இதைக் கைவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான். கொழும்பிலிருந்து லீவில் வந்த என்னைப் பெட்டி தூக்கக் கூட்டிப்போனான்.

யாழ்ப்பாணத்திலிருந்து 750 ஆம் இலக்க பஸ். முப்பத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 160 ரூபாய். இயந்திரத்தை இருக்கையில் வைத்ததால் நடத்துநர் அதற்கும் டிக்கெட் கிழித்தார். "இருந்து வாறதெல்லாம் ஆள்தான்" என்றார்.

ஒன்பது மணிக்கு மீன் ஏலக் கொட்டிலில் வாக்களிப்பு. பழைய தலைவர் குலசிங்கம் அண்ணைக்கு எதிராக யோகன் என்ற இளைஞர். பலர் கடலிலிருந்து நேரே வந்ததால், ஈர விரலைத் திரை ஏற்கவில்லை. துவாயோடு நின்று விரல் துடைத்துவிட்டேன். மக்களாட்சிக்கு நான் ஆற்றிய ஒரே தொண்டு அதுதான்.

கடைசி ஆள் போட்டதும் சுதன் ஒரு பொத்தானை அமத்தினான். யோகன் நான்கு வாக்கால் வெற்றி என்று திரையில் வந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

"எப்ப தம்பி எண்ணினனீ?" என்றார் குலசிங்கம் அண்ணை.

"நீங்கள் போடப் போட அது எண்ணிக்கொண்டே வந்தது அண்ணை."

"அப்ப நான் தோத்துக்கொண்டு வரேக்கை ஒருத்தரும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சுதன் மடிக்கணினியைத் திறந்து பாதுகாப்பு முறையை விளக்கத் தொடங்கினான். அதோடு மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. "மூடின பெட்டிக்குள்ளை வைச்சு மீன் ஏலம் விடுறமோ?" என்று அண்ணை சத்தம் போட, யோகனின் ஆட்களும் எகிற, மறுபடி வாக்களிப்பதென்று முடிவாயிற்று. கொப்பித் தாளைக் கிழித்து, ஐஸ் பெட்டிக்குள் போட்டார்கள். ஒவ்வொரு தாளையும் உயர்த்திக் காட்டி, ஏலம் கூறுகிற குரலிலேயே எண்ணினார்கள். பாதிவரை அண்ணைதான் முன்னுக்கு. விசில் பறந்தது. முடிவில் எட்டு வாக்கால் தோற்றார். அவர் போட்ட சண்டையைப் பார்த்து இரண்டு பேர் மனம் மாறியிருக்க வேண்டும். அவரோ எழுந்து போய் யோகனைக் கட்டிப்பிடித்தார்.

சங்கத்தார் தந்த தேநீரைச் சுதன் குடிக்கவில்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனோடு கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு அண்ணை மோட்டார் சைக்கிளில் தேடி வந்து ஒரு பாரை மீனைத் தந்தார்.

"உன்ரை மெசின் பொய் சொல்லேல்லை தம்பி. ஆனால் நான் தோத்ததை எனக்குக் காட்டேல்லை."

போகிறவர்களுக்கு: வெள்ளெனவே போங்கள், மத்தியானத்துக்குப் பின் நல்ல மீன் மிஞ்சாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். வாக்கு இயந்திரம் வாங்க நினைக்கும் சங்கங்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு சீட்டு அச்சாகி, போட்டவரின் கண்முன்னே பெட்டிக்குள் விழும்படி சுதன் மாற்றிக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டுப் பேச்சு இப்போதைக்கு இல்லை. வெல்கிறவர் அந்தச் சீட்டைக் கேட்கவே மாட்டார், தோற்கிறவருக்காகத்தான் செய்கிறேன் என்கிறான்.